பூனையின் படர்தாமரை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். மிட்டாய் என்கிற பெர்சியனுக்கு இரண்டு வயது, கருப்பி என்கிற நாட்டுப்பூனைக்கு நான்கு வயது. மிட்டாய்க்கு ஐந்து மாதமாகப் படர்தாமரை. க்ரீம் தடவினோம், ஃப்ளூகோனசோல் மாத்திரை கொடுத்தோம், இரண்டு முறை ஊசியும் போட்டாகிவிட்டது. முடி முளைக்கிறது, பத்து நாளில் வேறோர் இடத்தில் வட்டமாக உதிர்கிறது. இப்போது ஏழு வயது மகளுக்கும் கழுத்தில் வட்டம் வந்திருக்கிறது. மாமியார் பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார். இது குணமே ஆகாதா?

பதில்:

குணமாகும். மிட்டாயை எங்கேயும் கொண்டுபோய் விட வேண்டாம். திருச்சியில் இருபது வருடமாக நாய்களுக்கும் பூனைகளுக்கும் வைத்தியம் பார்க்கிறேன். படர்தாமரையால் ஒரு பூனைகூட என் கையில் செத்ததில்லை. படர்தாமரை வந்த காரணத்தால் தெருவில் விடப்பட்டு, நாய் கடித்தும் வண்டியில் அடிபட்டும் செத்த பூனைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பெர்சியன் வெளியில் ஒரு வாரம் தாக்குப்பிடிப்பதே கஷ்டம். உங்கள் மாமியாரின் பயம் நியாயமானதுதான், வீட்டில் குழந்தை இருக்கிறது. அந்தப் பயத்துக்கான பதில் ஒழுங்கான வைத்தியத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐந்து மாதம் ஆகியும் போகவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது படர்தாமரை என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? பூனைக்கு முடி வட்டமாகக் கொட்டினாலே படர்தாமரை என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நம் ஊர்ப் பூனைகளுக்குச் சொறிப்பூச்சி மிகச் சாதாரணம். அது காது ஓரத்தில் தொடங்கி, நெற்றி, கழுத்து என்று தடித்த சாம்பல் நிறப் பொருக்காகப் பரவும். பூனை ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்கும். தூக்கி வைத்துக் கொஞ்சுகிறவர்களுக்கும் கையில் சிவப்புப் புள்ளிகள் வரும், அதனால் குழப்பம் இன்னும் கூடும். தெள்ளுப்பூச்சிக் கடி ஒவ்வாமையில் வாலடியில் முடி கொட்டும். மன அழுத்தத்தில் தன்னையே நக்கி நக்கி வயிற்றை மொட்டையாக்கிக்கொள்கிற பூனைகளும் உண்டு. படர்தாமரையில் பெரும்பாலும் அரிப்பு குறைவு. முடி வேரோடு வராமல், கத்தரித்த மாதிரி ஒடிந்திருக்கும். தோலில் மெல்லிய செதில் உரியும். ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. நானும் சொல்வதில்லை.

மிட்டாய்க்குப் போட்ட ஊசி எது என்று நீங்கள் எழுதவில்லை. ஐவர்மெக்டின் என்றால் அது சொறிப்பூச்சிக்கான மருந்து, பூஞ்சையை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு என்றால் இன்னும் மோசம்; அரிப்பும் சிவப்பும் இரண்டு நாளில் அடங்கி நல்லதாகத் தெரியும், உள்ளே பூஞ்சைக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரி ஆகும். பழைய சீட்டை எடுத்துப் பாருங்கள், அல்லது போட்டவரிடமே கேளுங்கள். அடுத்து யாரிடம் காட்டினாலும் இந்தத் தகவல் அவர்களுக்கு வேண்டும்.

சோதிப்பதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது உட்ஸ் விளக்கு. ஏறக்குறைய 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி தரும் விளக்கு அது. 1925 இல் பிரான்சில் முடிப் பூஞ்சையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள், நூறு வருடம் கழித்தும் அது கைகொடுக்கிறது. இருட்டறையில் பிடித்தால் பூஞ்சை ஏறிய முடித்தண்டு ஆப்பிள் பச்சையாக மின்னும். மின்ன வேண்டியது முடித்தண்டு. தோல் செதில், தடவிய க்ரீம், துணி நூல் எல்லாமே நீலமாகவோ வெள்ளையாகவோ ஒளிரும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ரூபாய் நோட்டு சோதிக்கிற மலிவு டார்ச்சை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் பல 395 நானோமீட்டர், ஊதா வெளிச்சம் கண்ணை அடைத்துவிடும், பச்சை தெரியாது. இரண்டாவது, அந்த மின்னுகிற முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்ப்பது. மூன்றாவது கல்ச்சர், அதாவது பூஞ்சையை லேபில் ஒரு தட்டில் வளர்த்துப் பார்ப்பது. புது டூத்பிரஷ் ஒன்றைப் பிரித்து, உடம்பு முழுக்க இரண்டு மூன்று நிமிடம் வாரி, புண் இருக்கும் இடத்தைக் கடைசியாக வாரி, அந்த பிரஷ்ஷை லேபுக்குக் கொடுப்பது. தட்டில் பூஞ்சை வளர்ந்து தெரியப் பொதுவாக இரண்டு வாரம் பிடிக்கும். தட்டு சிவப்பாக மாறினால் மட்டும் போதாது, வளர்ந்ததை நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். சென்னைப் பக்கம் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். மற்ற ஊர்களில் உங்கள் மருத்துவர் தனியார் லேபுக்கு அனுப்பித் தருவார்.

சரி, படர்தாமரைதான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பூனைகளில் இதற்குக் காரணம் அநேகமாக எப்போதும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்கிற பூஞ்சைதான். ‘கேனிஸ்’ என்றால் லத்தீனில் நாய் என்று பொருள். ஆனாலும் அது அதிகம் குடியிருப்பது பூனையிடம். அது எப்படி வாழ்கிறது என்று புரிந்துவிட்டால் க்ரீம் ஏன் தோற்றது என்பதும் புரிந்துவிடும். வளர்ந்துகொண்டிருக்கிற முடியின் தண்டுக்குள் அது நுழைகிறது. முடியின் கெரட்டின் என்கிற புரதத்தைத் தின்று தண்டை நொறுங்க வைக்கிறது. ஒடிந்து விழுகிற ஒவ்வொரு துண்டின் மேலும் ஆயிரக்கணக்கில் வித்துகள் ஒட்டியிருக்கும். ஆக ஒரே பூனையில் பூஞ்சை இரண்டு இடத்தில் இருக்கிறது: முடிக்குழிக்குள் உயிரோடு வளர்ந்துகொண்டு, முடிக்கு வெளியே வித்தாகக் காத்துக்கொண்டு. க்ரீம் முடிக்குழிக்குள் போதிய அளவு போகாது. மாத்திரை உள்ளே வேலை செய்யும், ஆனால் வெளியே ஒட்டியிருக்கிற வித்தைக் கொல்லாது. உள்ளுக்கு மாத்திரை, வெளியே குளியல், இரண்டும் ஒரே நாளில் தொடங்கி ஒன்றாக ஓட வேண்டும். நீங்கள் செய்ததில் குளியல் இல்லை. மாத்திரையும் சரியான மாத்திரை இல்லை.

ஃப்ளூகோனசோல் மலிவு, எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும், அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த வகைப் பூஞ்சைக்கு அது பலவீனமான மருந்து. 2017 இல் உலகக் கால்நடைத் தோல் மருத்துவச் சங்கத்தின் சார்பில் வந்த வழிகாட்டுதல், அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, பூனைக்கு இட்ராகோனசோலையும் டெர்பினஃபைனையும்தான் முன்னால் வைத்தது. கீட்டோகோனசோல் மாத்திரை பூனைக்கு ஒத்துக்கொள்வதில்லை. கிரிசியோஃபுல்வின் பழைய மருந்து, வேலை செய்யும். ஆனால் சில பூனைகளில் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும், சினைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது.

என் கை முதலில் போவது இட்ராகோனசோலுக்குத்தான். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், நாளுக்கு ஒரு வேளை, ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்தி, இப்படி மூன்று சுற்று. நிறுத்துகிற வாரத்திலும் மருந்து தோலிலும் முடியிலும் தங்கியிருந்து வேலை செய்கிறது, அதனால் பயப்பட வேண்டாம். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. நம் கடைகளில் கிடைப்பது மனிதர்களுக்கான 100 மில்லிகிராம் கேப்சூல். நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் போதும். கேப்சூலைத் திறந்தால் உள்ளே குட்டிக் குட்டி மணிகள் இருக்கும். அவற்றை எண்ணி ஐந்தாகப் பிரித்துச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம். மணிகளைப் பொடிக்கக் கூடாது. மருந்து உடம்பில் சேர்வதே அந்த மணியின் அமைப்பில்தான் இருக்கிறது. பிராண்டுக்குப் பிராண்டு மணிகளின் எண்ணிக்கை வேறுபடும், அதனால் புது அட்டை வாங்கும்போதெல்லாம் திரும்ப எண்ணுங்கள். 65, 130 என்ற அளவுகளில் வருகிற புது வகை இட்ராகோனசோல் உடம்பில் அதிகமாகச் சேரும்படி செய்யப்பட்டது; அதை இதே கணக்கில் கொடுத்துவிடாதீர்கள். மூலப் பொடியை வாங்கிச் சிரப்பாகக் கலக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படிக் கலக்கியது உடம்பில் சரியாகச் சேர்வதில்லை. பல மாதம் மருந்து கொடுத்தும் பலனில்லை என்று வந்த சில வீடுகளில் குற்றவாளி அந்தப் பாட்டில்தான். சாப்பாட்டோடு கொடுங்கள், அசிடிட்டி மருந்து எதையும் கூடவே கொடுக்காதீர்கள்.

தொடங்கும் முன் ரத்தத்தில் ஈரல் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள், பெர்சியனுக்கு நான் கட்டாயம் எடுப்பேன். மருந்து ஓடும்போது பூனை சாப்பாட்டை வெறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, காதின் உட்பக்கமோ ஈறோ மஞ்சளாகத் தெரிந்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். படர்தாமரையைவிட அது பெரிய நோய். இட்ராகோனசோல் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு டெர்பினஃபைன் இருக்கிறது, கிலோவுக்கு 30 முதல் 40 மில்லிகிராம், தினம் ஒரு வேளை. இந்த எண்களையெல்லாம் எழுதுவது நீங்களே கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக இல்லை. மருத்துவர் எழுதித் தருகிற அளவு பாதியா, முழுசா என்று பார்த்துத் தயங்காமல் கேட்க வேண்டும் என்பதற்காக. அரை அளவில் ஐந்து மாதம் ஓட்டிய வைத்தியங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்புறம் குளியல். க்ளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் சேர்ந்த ஷாம்பு, வாரம் இரண்டு முறை. க்ளோர்ஹெக்சிடின் மட்டும் இருக்கிற ஷாம்பு பூஞ்சைக்குப் போதாது, பாட்டிலைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, நுரையைத் தோல் வரைக்கும் கொண்டுபோய், பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்து கழுவ வேண்டும். அந்தப் பத்து நிமிடம்தான் எல்லாருக்கும் சிரமம். ஒருவர் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தடவிக்கொடுத்தபடி பேசிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான பூனைகள் அடங்கிவிடும். முகத்துக்கும் காதுக்கும் ஷாம்பு போடாமல், மைக்கோனசோல் க்ரீமைக் கண்ணில் படாமல் மெல்லியதாகத் தடவுங்கள். மீசையடி, காதுமடல், கால்விரல் இடுக்கு ஆகிய மூன்று இடங்களிலும்தான் பூஞ்சை கடைசி வரை ஒளிந்துகொண்டிருக்கும். குளித்ததும் நன்றாகத் துவட்டிக் காயவைக்க வேண்டும்.

பெர்சியனின் நீள முடியைக் குறைத்தால் குளியல் தோலுக்குப் போகும், வித்து கொட்டுவதும் குறையும். ஒட்ட மழிக்க வேண்டாம். மெஷின் தோலில் உண்டாக்கும் சின்னச் சின்னக் கீறல்கள் வழியாகவே பூஞ்சை புது இடம் பிடிக்கும். முனை மழுங்கிய கத்தரிக்கோலால் குட்டையாக வெட்டினால் போதும். வெட்டுவதைக் குளியலறையில் பழைய பேப்பரை விரித்துச் செய்யுங்கள். முடியை அப்படியே சுருட்டிக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கத்தரிக்கோலையும் கழுவிவிடுங்கள்.

நாட்டு வைத்தியம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுவது, வேப்பெண்ணெய், கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெய் எல்லாம் நம் வீடுகளில் மனிதப் படர்தாமரைக்குப் பழகியவை. பூனை விஷயத்தில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது: பூசியதைப் பூனை நக்கி விழுங்கும். அதன் ஈரலுக்குச் சில வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. கற்பூரம், டீ ட்ரீ ஆயில், சாலிசிலிக் அமிலம் கலந்த படர்தாமரைக் களிம்பு மூன்றுமே அதற்கு விஷம். மனிதர்களுக்கென்று கடையில் விற்கும் கலவை க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதையும் தொடாதீர்கள். அது உங்கள் மகளுக்கும் வேண்டாம்.

இனி கருப்பி. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் அதுதான். கருப்பிக்கு ஏதாவது பரிசோதனை செய்தீர்களா என்று ஒரு வார்த்தை இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் ஏழு மாத வைத்தியத்துக்குப் பிறகு ஒரு பெர்சியனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தது. மருந்து சரி, அளவு சரி, குளியலும் சரி. எனக்கே புரியவில்லை. பேச்சுவாக்கில் அந்த வீட்டுப் பையன், “இன்னொன்னு இருக்கு சார், அதுக்கு ஒண்ணுமே இல்ல” என்றான். ஒரு முடிகூட உதிராத, பளபளவென்று இருந்த நாட்டுப்பூனை. டூத்பிரஷ் போட்டு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் தட்டு நிறையப் பூஞ்சை. இரண்டும் ஒரே நாற்காலியில் படுத்து ஒன்றையொன்று நக்கிவிடும் பழக்கம். வைத்தியம் பார்த்த பூனை ஒவ்வொரு முறை குணமாகும்போதும் பார்க்காத பூனை திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்துத் தொடங்கிய பிறகு இரண்டரை மாதத்தில் வீடு தெளிந்தது.

அதனால் கருப்பிக்கும் விளக்கும் கல்ச்சரும் கட்டாயம். முடிவு வரும் வரைக்கும் அதற்கும் வாரம் இரண்டு குளியல் கொடுங்கள். கல்ச்சரில் ஓரிரண்டு புள்ளி மட்டும் வளர்ந்து, உடம்பில் எதுவும் இல்லையென்றால், வீட்டுத் தூசியிலிருந்து வித்தை முடியில் சுமந்துகொண்டு திரிகிறது என்று அர்த்தம், குளியலே போதும். தட்டு நிரம்பியிருந்தால் மாத்திரையும் வேண்டும். நாய், முயல் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள்.

வீட்டைப் பற்றிச் சொல்லும்போது முதலில் ஒரு தப்பெண்ணத்தை எடுத்துவிடுகிறேன். இது ஈரச்சுவரில் வளர்கிற பூசணம் மாதிரி வீட்டில் வளர்வதில்லை. சோபாவிலும் தரையிலும் இருப்பது வித்துதான். அது அங்கே பெருகாது, காத்திருக்க மட்டும் செய்யும். ஆனால் காத்திருப்பதில் கெட்டி. தக்க சூழலில் பதினெட்டு மாதம் வரை உயிரோடு இருந்ததாகப் பதிவு இருக்கிறது. பெயின்ட் அடிக்கவோ மெத்தையைக் கொளுத்தவோ அவசியம் இல்லை. முடியையும் தூசியையும் அகற்றுவதுதான் முக்கால்வாசி வேலை. கிருமிநாசினி அதற்குப் பிறகுதான், ஏனென்றால் அழுக்கின் மேல் ஊற்றிய கிருமிநாசினி அழுக்கோடு நின்றுவிடும்.

விளக்குமாறை இரண்டு மாதம் ஓரமாக வையுங்கள். பெருக்கும்போது வித்து கிளம்பி அலமாரி மேலும் ஃபேன் மேலும் போய் உட்கார்ந்துகொள்ளும். வாக்குவம் க்ளீனர் இருந்தால் அது, இல்லையென்றால் ஈரத்துணி. சோபாவுக்கு அகலமான செலோடேப்பைக் கையில் சுற்றி ஒற்றி எடுங்கள். தினமும் இதைச் செய்யுங்கள். வாரம் இரண்டு முறை சோப்புத் தண்ணீரால் துடைத்து, அலசி, பிறகு ப்ளீச் போடுங்கள். கடையில் கிடைக்கும் 4, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வீதம் கலந்து, தரை பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி துடைக்க வேண்டும். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, விஷவாயு வரும். பூனை மூத்திரத்தின் மேலும் நேராக ஊற்றாதீர்கள், முதலில் கழுவிவிட்டு அப்புறம் போடுங்கள். தரை காயும் வரை பூனைகள் வேறு அறையில் இருக்கட்டும்.

ஃபினாயில் மட்டும் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் சுத்தம் என்றாலே ஃபினாயில் வாசனைதான். படர்தாமரை என்று கேட்டதும் இரட்டிப்பாக ஊற்றித் துடைக்கிறார்கள், டெட்டால் கலந்து பூனையைக் குளிப்பாட்டுகிறவர்களும் உண்டு. ஃபீனால் வகை ரசாயனம் பூனைக்கு நஞ்சு. அந்தத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே வாயில் புண், வாந்தி, தள்ளாட்டம் எல்லாம் வரலாம். படர்தாமரைக்கு என்று வந்து ஃபினாயில் விஷத்துக்கு ட்ரிப் போட்ட பூனைகள் எனக்குத் தெரியும். இந்த ஒரு பத்தியை மாமியாரிடமும் வேலைக்கு வருகிற அக்காவிடமும் படித்துக் காட்டுங்கள்.

துணிகளுக்குத் தனிக் கிருமிநாசினி தேவையில்லை. பூனை படுத்த துணிகளை மற்றதோடு சேர்க்காமல், மெஷினை நிறைக்காமல், சாதாரண சோப்பில் இரண்டு முறை அலசினால் வித்து கழன்று போய்விடும். ஃபில்டரில் சேரும் நூலை எடுத்துவிடுங்கள். கழுவ முடியாத மரச் சீப்பு, கயிறு சுற்றிய நகம் கீறும் கட்டை, பஞ்சுப் பொம்மை போன்றவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாம். பூனையைத் தூக்கி வருகிற கூடையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வீட்டையே கழுவித் துடைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வரும்போது அதே பழைய கூடையில், அதே பழைய துண்டின் மேல் உட்கார வைத்துக் கொண்டுவருவார்கள். கூடையும் ப்ளீச் கணக்கில் சேர்த்தி.

இவ்வளவையும் வீடு முழுக்கச் செய்வது கஷ்டம் என்பதால்தான் பூனைகளை ஓர் அறையில் வைக்கச் சொல்கிறேன். டைல்ஸ் போட்ட, சாமான் குறைவான, வெளிச்சம் வருகிற அறை. அடைத்துப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். தினமும் இரண்டு வேளையாவது யாராவது ஒரு பழைய முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து விளையாட வேண்டும். தனிமையில் தவிக்கிற பூனை சாப்பிடாது, தன் முடியைத் தானே பிய்க்கும், அப்புறம் எது நோய், எது கவலை என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

எப்போது நிறுத்துவது? ஐந்து மாதம் இழுத்ததற்கு அநேகமாக இதுதான் முக்கியக் காரணம். முடி முளைத்துவிட்டது என்று நிறுத்தியிருப்பீர்கள். முடி முளைப்பது பூஞ்சை போவதற்கு முன்பே நடக்கும். பார்வைக்கு அழகாக இருக்கும் பூனையின் முடியில் இன்னும் உயிருள்ள வித்து இருக்கும். மாத்திரை தொடங்கி நான்காவது வாரம் வாக்கில் மறுபடி விளக்கு, மறுபடி டூத்பிரஷ். விளக்கில் முடியின் நுனி மட்டும் பச்சையாக மின்னி, வேர்ப்பக்கம் மின்னாமல் இருந்தால் சந்தோஷப்படுங்கள். புதிதாக வளர்கிற பகுதி சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்று முடிவு வரும் வரைக்கும் குளியலை நிறுத்தாதீர்கள். ஆரோக்கியமான பூனைக்கு ஒரு சுத்தமான கல்ச்சர் போதும் என்பது இப்போதைய கருத்து. நீள முடி, இரண்டு பூனை, வீட்டில் குழந்தை என்கிற உங்கள் நிலைமையில் நான் இரண்டாவதும் எடுப்பேன். பூஞ்சையின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை வேகமானது, ஆனால் செத்த பூஞ்சையையும் பிடித்துக் காட்டும். குணமான பூனைக்கு அதில் பாசிட்டிவ் வந்தால் உடனே மனம் ஒடிந்துவிட வேண்டாம். எல்லாம் சரியாக நடந்தால் ஆறு முதல் பத்து வாரம். பெர்சியன் என்பதால் கொஞ்சம் கூடவே ஆகலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கல்ச்சர் சுத்தமாகவில்லை என்றால் பூனையின் எதிர்ப்புச் சக்தியைப் பார்க்க வேண்டும். எஃப்ஐவி (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்), லுகேமியா வைரஸ் பரிசோதனை, சர்க்கரை, குடற்புழு, தெள்ளுப்பூச்சி, சாப்பாட்டில் சத்து என்று ஒவ்வொன்றாக. பெர்சியனில் தோலுக்கு அடியில் கெட்டியான முடிச்சு தென்பட்டால் உடனே காட்டுங்கள்; இந்தப் பூஞ்சை அபூர்வமாக ஆழத்துக்கு இறங்கிக் கட்டியாகும், அதன் வைத்தியம் வேறு, நீண்டது. மருந்துக்கே மசியாத பூஞ்சையும் உலகில் அங்கங்கே பதிவாகியிருக்கிறது, ஆனால் என் மேசைக்கு வந்த “மருந்து கேட்காத” பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு மேலே சொன்ன ஏதோவொன்று விடுபட்டிருந்தது.

மகளைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டில் பூனைக்கு இருக்கிறது என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். கழுத்து வட்டத்துக்கு வெறும் பூஞ்சை க்ரீமே பெரும்பாலும் போதும். தலையில் முடி உதிர்ந்து செதில் தெரிந்தால் உள்ளுக்கு மருந்து வேண்டும், அதனால் தலையையும் பிரித்துப் பாருங்கள். வீட்டில் கீமோதெரபி எடுப்பவர்களோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களோ இருந்தால் அவர்கள் பூனை அறைப் பக்கமே போகக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குத் தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வருகிற, எளிதில் போகாத படர்தாமரை இப்போது நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. அது பெரும்பாலும் ட்ரைகோஃபைட்டான் இனம், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. அதில் ஒன்றுக்கு 2020 இல் இந்தியாவின் பெயரையே சேர்த்து இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் மிட்டாய்க்கும் சம்பந்தமில்லை. வீட்டில் யாருக்கு அரித்தாலும் பழி பூனை மேல் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மகள் பூனையைத் தொடவே கூடாதா என்று கேட்பாள். இப்போதைக்குத் தூக்கிக் கொஞ்சுவதும், ஒரே படுக்கையில் தூங்குவதும் வேண்டாம். கதவோரம் நின்று பேசலாம், நீளக் குச்சியில் கட்டிய இறகை ஆட்டி விளையாட்டுக் காட்டலாம். அந்த இறகை மட்டும் அறைக்குள்ளேயே விட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மருந்து, குளியல், கல்ச்சர் தேதிகளைக் காலண்டரில் குறிக்கிற வேலையை அவளிடமே கொடுங்கள். இரண்டு பூனைகளுக்கும் சுத்தமான கல்ச்சர் வருகிற நாளில் மிட்டாய் அவள் மடிக்குத் திரும்பலாம்.